நடுவர் குழு திருப்பிய படத்தைச் சொந்தமாகக் கண்காட்சி வைத்துக் காட்டுவது எப்படி

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கடிதம். பெரிய கண்காட்சி ஒன்றுக்கு மூன்று படம் அனுப்பியிருக்கிறான். சின்னப் படங்கள் இரண்டை எடுத்துக்கொண்டு, ஆறு மாதம் உட்கார்ந்து போட்ட பெரிய படத்தைத் திருப்பிவிட்டார்கள். “டீச்சர், மிச்ச ரெண்டையும் வேண்டாம்னு எழுதிப் போட்டுடட்டுமா?” என்றான். அன்று ராத்திரி அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்துக்காரி. 26 ஆண்டு பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். எனக்கும் அப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது, 2014-ல். நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாரும் பெண்கள் 14 பேரை ஒன்பதடி அகலம், ஐந்தடி உயரத்தில் வரைந்திருந்தேன். கடிதத்தில் இரண்டே வரி. அடுத்த ஆடி மாதம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அந்தப் படத்தை நானே மாட்டினேன். இதுவரை ஐந்து முறை இப்படிச் செய்தாகிவிட்டது. எனக்குத் தைரியம் கொடுத்தவர் 1855-ல் பாரிஸில் இதையே செய்த பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே. அவர் எதைச் சரியாகச் செய்தார், எதற்கு விலை கொடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வெறும் ஆணி அடிக்கும் வேலையாக இதைச் சொல்ல எனக்கு மனமில்லை.

முதல் வாரம் எதுவும் எழுதாதீர்கள்

கடிதம் வந்த சூட்டில் பதில் எழுத வேண்டாம். எடுத்துக்கொண்ட படங்களைத் திருப்பிக் கேட்கவும் வேண்டாம்.

1855-ல் பாரிஸில் உலகப் பொருட்காட்சி. அதன் ஓவியப் பிரிவுக்குக் கூர்பே 14 படம் கொடுத்தார். 11-ஐ ஏற்றார்கள், மூன்றைத் தள்ளினார்கள். தள்ளியதில்தான் அவருடைய உயிரே இருந்தது. ஒன்று ‘ஓர்னானில் ஓர் அடக்கம்’, இன்னொன்று அப்போதுதான் முடித்திருந்த ‘ஓவியனின் பட்டறை’. கோபத்தில் அவர் 11 படத்தையும் தூக்கிக்கொண்டு வந்துவிடவில்லை. அவை அங்கேயே தொங்கட்டும் என்று விட்டுவிட்டு, ஓவியப் பிரிவு இருந்த அதே மோந்தேன் அவென்யூவில் ஒரு தற்காலிகக் கொட்டகை கட்டி 40 படங்களை மாட்டினார். உள்ளே 11 பார்த்தவன் வெளியே வந்ததும் மிச்சத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம். என் மாணவனுக்கும் இதைத்தான் சொன்னேன். அந்த இரண்டு படமும் உனக்குக் காசில்லாத விளம்பரம், அதை ஏன் கழற்றுகிறாய்?

படம் திரும்பி வந்தவுடன் வண்டியிலிருந்து இறக்கும்போதே நான்கு மூலைகளையும் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என் பெரிய படம் திரும்பி வந்தபோது, நடுவில் கயிறு அழுந்தி ஒரு சாண் நீளத்துக்குக் குழி விழுந்திருந்தது. கேன்வாஸின் பின்பக்கத்தை ஈரத்துணியால் லேசாக ஒற்றி எடுத்து, ராத்திரி முழுக்கத் தட்டையாகக் காயவிட்டால் துணி தானே இழுத்துக்கொள்ளும். சொட்டச் சொட்ட நனைக்கக் கூடாது. வண்ணம் பழசாகி வெடிப்பு விட்டிருந்தால் இந்த வேலையே வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மண்டபம்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மண்டபங்கள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். வைகாசியில் கேட்கும் வாடகையில் மூன்றில் ஒரு பங்குக்கு எனக்குக் கிடைத்தது. மேடையுள்ள பெரிய ஹாலைக் கேட்காதீர்கள். சாப்பாட்டுக் கூடம் போதும். சுவர் நேராக இருக்கும், ஜோடனை குறைவு, ஜன்னல் உயரத்தில் இருக்கும். ஆடிப்பெருக்கை ஒட்டிய சனி ஞாயிறாகப் பாருங்கள். ஊரே ஆற்றுக்கு வரும், பாதிப் பேர் உங்கள் தெரு வழியாகத்தான் திரும்பிப் போவார்கள்.

சுவரில் ஆணி அடிக்க மண்டபக்காரர் விடமாட்டார். அடித்தாலும் பழைய சுண்ணாம்புச் சுவர் தாங்காது. பந்தல்காரரிடம் பேசுங்கள். சவுக்குக் கம்பில் ஏழடி உயரத்துக்குச் சட்டம் கட்டி, வெளுக்காத காடாத் துணியை இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். கல்யாணப் பந்தலுக்குப் போடும் சிவப்பு, மஞ்சள் துணி எதையும் பக்கத்தில் விடாதீர்கள். படத்தின் நிறத்தை அது தின்றுவிடும். கூர்பே கட்டியதும் கிட்டத்தட்ட ஒரு பந்தல்தான், பொருட்காட்சி முடிந்தால் பிரித்துவிடுகிற கட்டடம். ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பது வெறும் பழமொழி இல்லை. ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் மணல் மூட்டை வைத்துக் கட்டுங்கள்.

எத்தனை படம் மாட்டலாம் என்பதை ஆசையை வைத்து முடிவு செய்யாதீர்கள், இஞ்சு டேப்பை வைத்து முடிவு செய்யுங்கள். என் கூடம் 60 அடிக்கு 30 அடி. நான்கு சுவரும் சேர்த்து 180 அடி. கதவு, ஜன்னல், கை கழுவும் இடம் எல்லாம் போக 130 அடி மிஞ்சியது. சராசரிப் படம் மூன்றடி அகலம், பக்கத்தில் இரண்டடி இடைவெளி என்றால் ஒரு படத்துக்கு ஐந்தடி வேண்டும். பெரிய படத்துக்கு ஒன்பதடியும், இரு பக்கமும் நான்கு நான்கு அடியும் சேர்த்து 17 அடி. மிச்சம் 113. அதில் 22 படம். என்னிடம் 50-க்கு மேல் இருந்தன. பாதிக்கு மேல் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது கஷ்டமாகத்தான் இருந்தது.

பழைய படங்களையும் சேருங்கள். கூர்பேயின் 40-இல் பழையதும் புதியதும் கலந்திருந்தன. ஒரு கை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று பார்க்க வருகிறவர்களுக்குப் பிடிக்கும்.

மாட்டும் உயரம்

இதை நிதானமாகப் படியுங்கள். நம் ஊர்க் கண்காட்சிகளில் முக்கால்வாசி கெடுவது இங்கேதான்.

பாரிஸ் சலோன் என்பது அரசு நடத்திய பெரிய கண்காட்சி. அங்கே படங்களைத் தரையிலிருந்து கூரைவரை, சட்டத்தோடு சட்டம் ஒட்டி அடுக்குவார்கள். பெயர் தெரியாதவன் படம் கூரைக்குப் போகும். உள்ளே விட்டும் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கிற வழி அது. நீங்கள் சொந்தமாக வைக்கும்போது எந்தப் படத்துக்கும் அந்தக் கதி வரவேண்டாம்.

ஒவ்வொரு படத்தின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து 57 அங்குலத்தில், அதாவது நாலே முக்கால் அடியில் இருக்கட்டும். கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அந்த உயரத்தில் நூல் பிடியுங்கள். இனி கொக்கி எங்கே? படத்தின் உயரத்தில் பாதியை 57-உடன் கூட்டுங்கள். பின்னால் உள்ள கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்து, அது சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்து, அதைக் கழியுங்கள். படம் 40 அங்குல உயரம், கம்பி மூன்று அங்குலம் கீழே என்றால், 57-உம் 20-உம் 77, மூன்று போக 74. தரையிலிருந்து 74 அங்குலத்தில் கொக்கி. ஒவ்வொரு படத்துக்கும் இந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் படத்தின் பின்னால் ஒட்டிவிட்டால், மாட்டுகிற பையன்கள் உங்களைக் கேட்டுக்கொண்டே நிற்க மாட்டார்கள். கொத்தனாரிடம் ரசமட்டம் ஒன்று இரவல் வாங்கி வையுங்கள்.

பெரிய படத்துக்கு எதிரே இடம் விடுங்கள். ‘ஓர்னானில் ஓர் அடக்கம்’ பத்தடி உயரம், கிட்டத்தட்ட 22 அடி அகலம். கல்லூரியில் படித்தபோது அதை ஒரு புத்தகத்தில் உள்ளங்கை அளவில், கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தேன். சாதாரணமான படம் என்றே நினைத்தேன். அளவு தெரிந்த பிறகுதான் சண்டை புரிந்தது. அந்தக் காலத்தில் அத்தனை பெரிய கேன்வாஸ் ராஜாக்களுக்கும் தேவர்களுக்கும் போர்களுக்கும் மட்டுமே உரியது. கூர்பே அதில் ஒரு சின்ன ஊரின் சாவை வைத்தார். குழி வெட்டுகிறவர், பாதிரியார், ஊர்ப் பெரியவர்கள், கைக்குட்டையால் முகத்தைப் பொத்தி அழும் பெண்கள், ஒரு நாய். எல்லாரும் ஆளுயரத்தில், ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் உயராமல், ஒரே வரிசையில். இவர்களை இவ்வளவு பெரிதாக வரைய என்ன இருக்கிறது என்று பாரிஸ் கேட்டது. என் 14 பெண்களைப் பார்த்தும் ஒருவர் அதையே கேட்டார். அதனால் சொல்கிறேன், பெரிய படத்தை மூலையில் சாய்த்து வைக்காதீர்கள். வாசலில் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் அது நிற்கட்டும், முன்னால் 15 அடி காலியாக இருக்கட்டும்.

விளக்கு விஷயம் சுருக்கமாக. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனிடம் மஞ்சள் சாயல் உள்ள எல்.இ.டி. ஃபோகஸ் லைட் வாடகைக்கு வாங்குங்கள். மேலிருந்து சாய்த்து அடிக்க வேண்டும். வார்னிஷ் பளபளத்தால் சாய்வை மாற்றுங்கள். கூர்பே போல அடியில் கறுப்பைப் பூசி அதன்மேல் வெளிச்சத்தை ஏற்றுகிறவர் என்றால் ஒரு விளக்கு கூடுதலாக வேண்டும்.

பணம்

கூர்பேக்கு ஆல்ஃப்ரெட் ப்ரூயாஸ் இருந்தார். மோன்பெலியே நகரத்துப் பணக்காரர், படங்களை வாங்கிச் சேர்த்தவர். 1853-ல் ‘குளிக்கும் பெண்கள்’ படத்தை ஊரே திட்டியபோது அதை வாங்கியவரும் அவர்தான். 1855 கொட்டகைக்கும் அவர் பணம் உதவியது. உங்களுக்கு அப்படி ஒருவர் இருந்தால் நல்லது. எனக்கு ஏலச்சீட்டு இருந்தது. முதல் கண்காட்சிக் கணக்கு இதோ: மண்டபம் மூன்று நாளைக்கு 10,500 ரூபாய், பந்தல்காரர் 4,000, விளக்கு 2,400, குட்டியானை வண்டி போகவர 2,200, அச்சுக்கூலி 1,900, டீ பிஸ்கட் 1,000. மொத்தம் 22,000. மூன்று சின்னப் படம் விற்று 11,500 வந்தது. மிச்சம் சீட்டிலிருந்து.

நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள் என்பது என் கட்சி. கூர்பே ஒரு பிராங்க் வாங்கினார். கூட்டம் வரவில்லை, பாதியாகக் குறைத்தார்.

நாலு பேர் சேர்ந்து வைத்தால் செலவு குறையும். ஆனால் நஷ்டம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். 1874-ல் மோனே, ரென்வார், தெகா முதலான ஓவியர்கள் சலோனை நம்பாமல், போட்டோகிராபர் நாதாரின் பழைய ஸ்டுடியோவில் வைத்த கண்காட்சி இன்று உலகத்துக்கே தெரியும். அந்த வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது ஆளுக்கு 184.50 பிராங்க் கடன். சங்கத்தைக் கலைத்தார்கள். நம் பக்கத்திலும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கியபோது, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசு அவர்களுக்குக் கைகொடுத்தது. பெரிய படம் விற்கும்வரை சின்னதாக விற்க ஏதாவது மேசையில் இருக்கட்டும். நான் வாழ்த்து அட்டை வைக்கிறேன்.

ஒரு தாள் அச்சடியுங்கள்

படப் பட்டியல், விலை, உங்களைப் பற்றி நாலு வரி. இவ்வளவு போதும். கூர்பேயின் கொட்டகை வாசலில் ‘ரியலிசம்’, அதாவது உள்ளதை உள்ளபடி வரைவது, என்று எழுதியிருந்தது. உள்ளே கொடுத்த பட்டியலில் ஒரு சின்ன முன்னுரை. அந்தப் பெயரை மற்றவர்கள் தனக்குச் சூட்டியதாகச் சொல்லி ஆரம்பிப்பார். தன் காலத்தின் பழக்கவழக்கங்களையும் எண்ணங்களையும் முகத்தையும் தான் பார்த்தபடி வரைந்து, உயிருள்ள கலையைச் செய்வதே தன் நோக்கம் என்று முடிப்பார். அதில் நடுவர் குழுவைத் திட்டி ஒரு வரி கிடையாது. நீங்களும் திட்டாதீர்கள். ‘நிராகரிக்கப்பட்ட ஓவியம்’ என்று படத்துக்குக் கீழே அட்டை வைக்காதீர்கள். வருகிறவர் வாய்க்காலைப் பார்க்கட்டும், கடிதத்தைப் பார்க்க வேண்டாம்.

தமிழில் எழுதுங்கள். எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். எங்கே நிறுத்தி ‘அப்டின்னா?’ என்று கேட்கிறார்களோ அந்த வரியை மாற்றுங்கள்.

யாரை முதலில் கூப்பிடுவது

படத்தில் இருப்பவர்களை. கூர்பே ‘அடக்கம்’ படத்தைப் பாரிஸுக்கு அனுப்புமுன் சொந்த ஊரான ஓர்னானில் காட்டினார், பிறகு பெசான்சோனிலும் திஜோனிலும். படத்தில் நிற்பவர்கள் ஓர்னான் ஜனங்கள்தானே. என் 14 பெண்களில் 11 பேர் முதல் நாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். ஒரு அக்கா நேராகத் தன் உருவத்துக்கு எதிரே போய் நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மம்பட்டியைக் கை மாத்திப் போட்டுட்ட கண்ணு, எனக்கு இடக்கை” என்றார். எந்த நடுவரும் எனக்கு இப்படி ஒரு குறையைச் சொன்னதில்லை. அடுத்த மாதம் அதைத் திருத்தினேன். அவர் வீட்டிலிருந்து மண்வெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பிடியில் விரல் எப்படி மடங்குகிறது என்று மூன்று நாள் வரைந்து பார்த்த பிறகுதான் தூரிகையைத் தொட்டேன்.

பெரிய மனிதர்கள் வரவில்லையே என்று கடைசி நாளுக்கு முன் விளக்கை அணைக்காதீர்கள். கூர்பேயின் கொட்டகை ஜூன் 28-ல் திறந்தது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி தெலாக்ருவா என்ற ஓவியர் வந்தார். அந்த வருடம் உள்ளே, அரசுக் கண்காட்சியில், கொண்டாடப்பட்டவர் அவர். கூர்பேயின் பாணி அவருடையது இல்லை. ஆனாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தனியாக அந்தக் கொட்டகையில் இருந்தார். தள்ளப்பட்ட ‘பட்டறை’ படத்தை விட்டு நகர முடியவில்லை என்றும், இந்தக் காலத்தின் தனித்தன்மையான படைப்புகளில் ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். தனியாக இருந்தார் என்றால் வேறு யாரும் உள்ளே இல்லை என்றுதான் பொருள். அந்த வெறும் கூடத்தில் கதவு திறந்திருந்ததே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். நாலு நாற்காலி போட்டு வையுங்கள். வருகைப் பதிவேடும் பேனாவும் கட்டாயம்.

அப்புறம் வரும் அழைப்புகள்

கண்காட்சி பேசப்பட்டால், தள்ளியவர்களே கூப்பிடுவார்கள். அரசின் நுண்கலைத் துறையை நடத்திய நியூவர்கெர்க் பிரபு, 1855 பொருட்காட்சிக்கு முன்பே ஒருமுறை, கூர்பேயை மதிய விருந்துக்கு அழைத்தார். பொருட்காட்சிக்கு ஒரு பெரிய படம் போட்டுத் தாருங்கள், ஆனால் மாதிரியை முதலில் குழுவிடம் காட்ட வேண்டும் என்றார். என் ஓவியத்துக்கு நான் ஒருவன்தான் நீதிபதி என்று சொல்லிவிட்டதாகக் கூர்பே ப்ரூயாஸுக்குக் கடிதம் எழுதினார். இதில் அவரோடு நான் பாதிதான் ஒத்துப்போகிறேன். பள்ளிச் சுவர், நகராட்சிச் சுவர் என்றால் அது பொது இடம், மாதிரி கேட்பதில் தப்பில்லை, கொடுங்கள். உங்கள் சொந்தக் கேன்வாஸுக்கு மாதிரி கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம் பதிவேடு. ஒரு நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அளவு, வருடம், இப்போது யாரிடம், விற்றதா, இரவலா, ரசீது எண். இதை நான் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1870-ல் கூர்பே பிரெஞ்சு அரசின் உயரிய விருதான லீஜியன் ஆஃப் ஹானரை வேண்டாம் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதி மறுத்தார். அதே வருடம், வாந்தோம் சதுக்கத்தில் நின்ற நெப்போலியன் காலத்துத் தூணைப் பிரித்துவிடலாம் என்று ஒரு மனு போட்டார். 1871 மே 16-ல், அப்போது நகரத்தை ஆண்ட புரட்சி அரசான பாரிஸ் கம்யூன் அந்தத் தூணைச் சாய்த்தது. சாய்ப்பதென்ற தீர்மானம் அவர் கம்யூனுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் முன்பே நிறைவேறியிருந்தது, இருந்தும் பழி அவர்மேல் விழுந்தது. ஆறு மாதச் சிறை, 500 பிராங்க் அபராதம். வெளியே வந்து 1872-ல் சலோனுக்கு அனுப்பிய படங்களை நடுவர் குழு தள்ளியது. தள்ளச் சொல்லி முன்னின்றவர் மெஸ்ஸோனியே என்ற ஓவியர். 1873-ல் கூர்பே சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். தூணைத் திரும்ப நிறுத்தும் செலவு 3,23,091 பிராங்க் என்று அவர் தலையில் கட்டினார்கள், வருடம் 10,000 வீதம் 33 வருடம் கட்ட வேண்டும். 1877 நவம்பரில் பாரிஸில் அவருடைய படங்களும் சாமான்களும் ஏலம் போயின. டிசம்பர் 31-ல், முதல் தவணைக்கு முந்தின நாள், இறந்துபோனார். வயது 58.

அவர் அந்த மனுவைப் போட்டிருக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் படங்கள் எங்கே யாரிடம் இருக்கின்றன என்பதைச் சொல்லும் நோட்டு ஒன்று உங்கள் வீட்டிலும், ஒரு பிரதி நம்பிக்கையான இன்னொருவர் வீட்டிலும் இருக்கட்டும். ‘அடக்கம்’ படத்தைத் தங்கை ஜூலியெத் 1881-ல் பிரெஞ்சு அரசுக்குக் கொடையாகக் கொடுத்தார். அதனால்தான் அது இன்று பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘பட்டறை’ படமும் அங்கேதான்.

மூன்றாம் நாள் மாலை படங்களை இறக்கும்போது அவசரப்படாதீர்கள். மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில், சின்னது முதலில், பெரியது கடைசியில். முகத்தோடு முகம், முதுகோடு முதுகு, நடுவில் அட்டை. வண்டியில் நிற்கவைத்துக் கட்டுங்கள், கயிறு மரச்சட்டத்தின்மேல்தான் போக வேண்டும், கேன்வாஸின்மேல் போகக் கூடாது. மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதே அடுத்த ஆடிக்குத் தேதி சொல்லி 500 ரூபாய் முன்பணம் கொடுத்துவிடுங்கள். என் மாணவனுக்கு ஆடி 18-க்கு அடுத்த சனிக்கிழமையிலிருந்து மூன்று நாள் கிடைத்திருக்கிறது. அவன் படம் எட்டடி அகலம். எதிர்ச்சுவரை அதற்காகவே காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.